மூன்றரை மணிக்கு விழிக்கும் கம்ப்யூட்டர்

ஏர்வாடி
11.2.2007

அன்புள்ள மதார் காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே உம்மா, வாப்பா, நான், மூன்று ஆடு, எல்லோரும் சுகம். வெள்ளிக்கிழமை நீங்கள் போன் பண்ணினால் உம்மா அழுது முடிக்கவும் உங்கள் போன் கார்டு தீரவும் சரியாக இருக்கிறது. என் பங்குக்குக் கிடைப்பது "நல்லா படி" மட்டும்தான். அதனால் இந்தக் கடிதம். வாவு முகம்மது மாமா நாளை மறுநாள் சார்ஜா திரும்புகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

விஷயம் இதுதான். எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். கடையில் முழுசாகச் சேர்த்துப் பூட்டி விற்பது வேண்டாம். பாகம் பாகமாக வாங்கி நானே பூட்ட வேண்டும். வாப்பாவிடம் படிப்புக்கு என்று சொல்லியிருக்கிறேன். உங்களிடம் மறைப்பானேன், கார் ரேஸ் விளையாடத்தான். எங்கள் பாலிடெக்னிக் லேப் மிஷினில் அந்த விளையாட்டைப் போட்டால் கார் முக்கி முனகி ரோட்டிலேயே நின்றுவிடுகிறது.

இதற்குக் காரணமே நீங்கள்தான். போன லீவில் வந்தபோது, உங்கள் ரூம்காரர் ஒருவர் தானே பூட்டிய கம்ப்யூட்டரில் டூட்டிக்குப் போகுமுன் கார் ஓட்டுவார் என்று வாய் ஓயாமல் சொன்னீர்கள். அன்றிலிருந்து எனக்கு இந்தக் கிறுக்கு. ராமநாதபுரத்துக் கடைக்காரரிடம் கேட்டால் எதைக் காட்டினாலும் "அதுக்கு இது சேராதும்மா" என்கிறார். எது எதற்குச் சேரும் என்று அந்த ரூம்காரரிடம் கேட்டு எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
நஃபீசா


சார்ஜா
9.3.2007

அன்புத் தங்கைக்கு, வ அலைக்கும் ஸலாம்.

கடிதம் கிடைத்தது. அந்த ரூம்காரர் இப்போது இங்கே இல்லை. ஆனால் அவர் பூட்டும்போது பக்கத்திலிருந்து திருப்புளி எடுத்துக் கொடுத்தவன் நான், எனக்கே தெரியும்.

முதலில் போர்டு. அதை வைத்துத்தான் மற்றதெல்லாம். 775 என்ற குழி உள்ள போர்டில் 775 பிராசசர்தான் உட்காரும். குழிக்குள் மயிரிழை மாதிரி கம்பிகள் இருக்கும். ஒன்று வளைந்தாலும் போர்டு போயிற்று, விரலை வைத்துவிடாதே. ராமில் டிடிஆர் ஒன்று, இரண்டு என்று வகை உண்டு. நடுவில் ஒரு வெட்டு இருக்கும். இரண்டு வகைக்கும் வெட்டு வேறு வேறு இடம். ஏறவில்லை என்றால் அழுத்தாதே, அது உனக்கானது இல்லை. கிராபிக்ஸ் கார்டுதான் காரை ஓட்டும். அது கரண்டை நிறையக் குடிக்கும், ஆகவே கரண்டு கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டி 450 வாட்டில் வேண்டும்.

இங்கே பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. போர்டு, பிராசசர், ராம், கார்டு, எஸ்.எம்.பி.எஸ். ஐந்தையும் ஊருக்கு வருகிறவர்கள் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிடுகிறேன். ஒன்றுக்கொன்று சேரும். அதில் உனக்குச் சந்தேகமே வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க் மட்டும் அனுப்ப மாட்டேன். ராமநாதபுரத்தில் புதிதாக வாங்கு, பழசு வேண்டாம். இந்த ஒன்றிலாவது என் பேச்சைக் கேள்.

மதார்


ஏர்வாடி
27.5.2007

அன்புள்ள காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போர்டு வந்தது. அடுத்த மாதம் பிராசசர் வந்தது. நேற்று ராம் வந்தது, சீப்பு டப்பாவுக்குள் வைத்து. கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பது போல ஒவ்வொன்றையும் வைத்துப் பார்த்தேன். ராமை ஸ்லாட்டில் காட்டினேன், அழுத்தக்கூட இல்லை, இரண்டு பக்கக் கொக்கியும் தானே மூடிக்கொண்டன.

ஒன்று கேட்க வேண்டும். மூன்றும் மூன்று கடையில் வாங்கியதா? மூன்றிலும் ஒரே வாசனை வருகிறது. விபூதி மாதிரி, சாம்பிராணி மாதிரி. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. பிராசசரின் தலையில் தடவியிருந்த பேஸ்டை வழித்து எடுக்கும்போது யாருடையதோ விரல் ரேகை அதில் பதிந்திருந்தது. கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். பழைய சாமான் என்றால் இப்படித்தான் இருக்கும் போல.

கார்டையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் சீக்கிரம் அனுப்புங்கள். கேபினெட்டும் புது டிஸ்கும் ராமநாதபுரத்தில் வாங்கிவிட்டேன்.

நஃபீசா


சார்ஜா
30.6.2007

அன்புத் தங்கைக்கு,

எல்லாம் ஒரே கடைதான். கடைக்காரர் சாமி கும்பிடுகிறவர், ஊதுபத்தி கொளுத்துவார். அதனால் வாசனை.

மீதி இரண்டையும் ஆளுக்கொன்றாக இரண்டு பேர் கையில் அனுப்பியிருக்கிறேன். பூட்டியதும் எனக்கு எழுது. நன்றாக ஓடினால் அதையும் எழுது, வேறு எதுவானாலும் எழுது.

மதார்


ஏர்வாடி
5.8.2007

அன்புள்ள காக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை பூட்டினேன். ஜும்ஆ தொழுகை முடிந்து வாப்பா வருவதற்குள் எல்லாத் திருகும் முடுக்கியாயிற்று. ஒரு திருகுகூட மிச்சமில்லை, ஒரு கம்பிகூட நீளம் குறையவில்லை. சுவிட்சைப் போட்டேன், விசிறி சுற்றியது, திரை வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு கார் ஓட்டினேன் பாருங்கள், தண்ணீர் மாதிரி ஓடியது. வாப்பாகூட நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்த்தார்.

இனி எழுதுவதை உம்மாவிடம் போனில் சொல்லிவிடாதீர்கள்.

நேற்று மத்தியானம் மிஷினை அணைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். மூன்றரைக்குத் தானே ஆன் ஆனது. யாரும் தொடவில்லை. திரை கறுப்பாகவே இருந்தது, ஒரு எழுத்துகூட வரவில்லை. ஸ்பீக்கரிலிருந்து ஒரு சின்னப் பெண்பிள்ளை கூப்பிட்டது. "அய்யா, எந்திரிங்க. நேரமாச்சு." கொஞ்சம் விட்டு மறுபடியும். மூன்று தரம்.

தெருவில் ஏதோ பிள்ளை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நம் தெருவில் எந்தப் பிள்ளை தகப்பனை அய்யா என்று கூப்பிடும்? எல்லாம் வாப்பாதானே. இன்றும் அதே மூன்றரை, அதே குரல். உம்மா அடுப்படியிலிருந்து "யாரு புள்ள அது, உள்ள வரச் சொல்லு" என்றார்கள்.

என் டிஸ்க் புதுசு. உறையைக் கிழித்தது நான். அதில் கார் விளையாட்டைத் தவிர ஒன்றும் இல்லை. எனக்கு இதை விளக்கிச் சொல்லுங்கள் காக்கா. பயமாக இருக்கிறது.

நஃபீசா


சார்ஜா
24.8.2007

நஃபீசா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் டூட்டிக்குப் போகவில்லை. உன்னிடம் பொய் சொன்னேன். பழைய சாமான் கடை என்று ஒன்றும் இல்லை. அந்த ஐந்து பாகமும் ஒரே கம்ப்யூட்டர். என் பக்கத்துக் கட்டில் பால்சாமி அண்ணனுடையது. நான் சொன்ன அந்த ரூம்காரர் அவர்தான். ஊர் கமுதிப் பக்கம், மிளகாய் போடுகிற குடும்பம். ஒரே ஜில்லாக்காரர் என்று என்னைத் தம்பியாக வைத்திருந்தார். அவர் இங்கே இல்லை என்று எழுதியதற்கு மௌத்தாகிவிட்டார், இறந்துவிட்டார் என்று அர்த்தம்.

அவர் லீவில் போனபோது மகளின் குரலைப் பதிந்துகொண்டு வந்தார். ஓட்டல் சமையல்கட்டில் சாயங்காலம் மூன்றரைக்கு டூட்டி. அதனால் தினமும் மத்தியானம் இரண்டு மணிக்குக் கம்ப்யூட்டர் தானே ஆன் ஆகி, அந்தப் பிள்ளை கூப்பிடும்படி வைத்திருந்தார். எங்கள் ரூமில் எட்டுப் பேர், எல்லோருக்கும் சாயங்காலமோ ராத்திரியோதான் டூட்டி, பகலில்தான் தூக்கம். தூக்கம்தான் இங்கே சோற்றைவிடப் பெரிது. ரூம் சட்டம் ஒன்று உண்டு: அலாரம் மூன்று தரம் கூப்பிட்டும் ஆள் எழவில்லை என்றால் பக்கத்துக் கட்டில்காரன் அணைத்துவிடலாம்.

போன நவம்பர் பதினான்கு. பிள்ளை மூன்று தரம் கூப்பிட்டது. அண்ணன் அசையவில்லை. எனக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் டூட்டி. எரிச்சலில் கையை நீட்டி ஸ்பீக்கரைத் திருகி அணைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தால் மூச்சு இல்லை. மாரடைப்பு, மூன்று மணி வாக்கில் போயிருக்கும் என்றார் டாக்டர். இரண்டு மணிக்கு உயிர் இருந்திருக்கிறது, நஃபீசா. எழுந்து உலுக்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

அவர் மனைவி இராமலட்சுமி அக்கா போனில் ஒன்றுதான் கேட்டது. "அன்னைக்கும் எம் மக கூப்புட்டு எந்திரிச்சாகளா தம்பி?" எழுந்தார், டீ குடித்தார், பிறகுதான் என்று சொல்லிவிட்டேன்.

சாமான்களை அட்டைப்பெட்டியில் கட்டி, கயிறு போட்டு, மார்க்கரில் பெயர் எழுதி அனுப்பினோம். எடை கூடியது என்று கம்ப்யூட்டரை மட்டும் அனுப்பாமல் நிறுத்திக்கொண்டேன். எடை கூடியது நிஜம். பிறகு அனுப்பியிருக்கலாம் என்பதும் நிஜம். காலிக் கட்டிலைப் பார்த்து தினமும் இரண்டு மணிக்கு அது கூப்பிட்டது. ஒரு பிள்ளையின் குரலை அழிக்க மிச்சமிருந்த எங்கள் ஏழு பேரில் யாருக்கும் கை வரவில்லை. அதனால் பிரித்தேன். நீ கேட்டாய், ஐந்து பேர் கையில் அனுப்பினேன். தனித்தனியாகப் போனால் வாய் மூடும் என்று நினைத்தேன்.

தானே ஆன் ஆவதில் அதிசயம் இல்லை. விழிக்கிற நேரமும் இந்த ஊர்க் கடிகாரமும் போர்டில் இருக்கும். இங்கே இரண்டு என்றால் அங்கே மூன்றரை. போர்டில் உள்ள வட்டமான பேட்டரி செல்லைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடு, மறந்துவிடும். ஆனால் குரல் இருந்தது டிஸ்கில். அந்த டிஸ்க் என் பெட்டியில், கைலியில் சுற்றி இருக்கிறது. இப்போதும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பிளக்கைப் பிடுங்கிவிடு. பிரித்துக் கடலில் போட்டுவிடு. நான் வேறு வாங்கித் தருகிறேன்.

மதார்


ஏர்வாடி
9.9.2007

காக்காவுக்கு,

செல்லைக் கழற்றினேன். மிஷின் தேதியெல்லாம் மறந்து என்றோ ஒரு ஜனவரி ஒன்று என்று காட்டியது. ஆனாலும் நம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை ஆனதும் விழித்துக்கொண்டது.

இன்னும் கேளுங்கள். அது ஒரே பேச்சு இல்லை. முதல் வாரம் "நேரமாச்சு" என்றது. பிறகு ஒருநாள், "அய்யா எந்திரிங்க, இங்கன மழை பேயுது" என்றது. போன செவ்வாய், "எனக்கு முன்பல்லு விழுந்துருச்சு, எந்திரிங்கய்யா" என்றது. அன்றிலிருந்து பேச்சில் காற்று போகிறது. பதிந்த குரலுக்குப் பல் விழுமா காக்கா?

நீங்கள் சொன்னபடி பிளக்கைப் பிடுங்கி மூன்று நாள் போட்டுவைத்தேன். சத்தமில்லை. நான்காம் நாள் மனசு கேட்காமல் சொருகினேன். மூன்றரைக்கு வந்தது. "மூணு நாளா கூப்புடுறேன்ல. ஏன் எந்திரிக்க மாட்டேங்குறீக?" அந்தக் குரலில் இருந்த அழுகையை என்னால் எழுத முடியாது. இனி நான் பிளக்கைப் பிடுங்க மாட்டேன். கடலிலும் போட மாட்டேன்.

என்னோடு படிக்கிற முத்தழகுக்குக் கமுதிதான் ஊர். பால்சாமி, சார்ஜா என்று சொன்னதும் வீட்டைத் தெரியும் என்கிறாள். போகப் போகிறேன்.

நஃபீசா


சார்ஜா
21.9.2007

நஃபீசா,

போகாதே. உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். அந்த அக்கா என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. ஊரிலிருந்து வருகிறவர்கள் கையில் எனக்கு மிளகாய் வற்றல் கொடுத்துவிடுகிறது. நான் அதைச் சாப்பிடுவதில்லை, கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். போய் என்னத்தைச் சொல்லப் போகிறாய்?

மதார்


ஏர்வாடி
7.10.2007

காக்காவுக்கு,

உங்கள் கடிதம் வருமுன்னே போய்விட்டு வந்தேன். நோன்போடு போனேன், பஸ்ஸை விட்டு இறங்கிக் கருவேலங்காட்டுக்குள் இரண்டு மைல். முத்தழகு கூட வந்தாள்.

பிள்ளை பெயர் நாகலெட்சுமி. ஏழு வயசு. மூன்று மணிக்கே பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தது. தினமும் இப்படித்தான் ஓடி வருகிறதாம், பெயரை அடித்துவிடுவோம் என்று டீச்சர் சொல்லிவிட்டார்களாம். பையை எறிந்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் போனது. அங்கே அவர் கயிற்றுக் கட்டில் சுவரோடு சாய்த்து நிற்கிறது. மூன்றரை ஆனதும் அதன் முன்னால் நின்று கூப்பிட்டது. முன்பல் இரண்டு இல்லை.

அவர் உடல் பெட்டியில் வந்த அன்று பிள்ளையைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அய்யா தூரத்து டூட்டிக்கு மாறிவிட்டார், அங்கே போன் இல்லை என்று அதனிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். இராமலட்சுமி அக்கா என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இவ கூப்புட்டாத்தான் அவுக அங்கன எந்திரிப்பாகன்னு இவளுக்கு நெனப்பு. கடைசி நாளும் எந்திரிச்சாகன்னு அந்தத் தம்பியே சொல்லிருச்சு. பொறகு நான் எந்த வாயால இவள நிறுத்தச் சொல்லுவேன்?" பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் எழுந்து வந்து கூப்பிடுகிறது. கூப்பிடாவிட்டால் சம்பளத்தைப் பிடித்துவிடுவார்களாம். எலும்பும் தோலுமாக இருக்கிறது.

மிஷினைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. பால்சாமி அண்ணனின் சிநேகிதர் ஒருவருடைய தங்கை என்றேன், மோர் கொடுத்தார்கள், நோன்பு என்றேன். திரும்பி வந்ததும் உம்மா சொன்னார்கள்: "அந்தப் பொட்டி இன்னைக்கு என்னமோ பேசுச்சு. முக்காடு போட்ட அக்கா வந்துருக்கு, எந்திரிங்கய்யான்னுச்சு. யாரும்மா அது?"

காக்கா, உங்களுக்கு எவ்வளவு பயமோ அவ்வளவு பயம் எனக்கும். ஆனால் அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறது. நீங்கள் சொன்ன ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேய்கிறது. இதை நான் போய்ச் சொல்ல முடியாது. ஸ்பீக்கரை அணைத்த கை என்னுடையது இல்லை. நீங்கள் வர வேண்டும். வராவிட்டால் இனி வெள்ளிக்கிழமை போனில் என்னைக் கேட்காதீர்கள்.

நஃபீசா


சார்ஜா
2.11.2007

நஃபீசா,

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின வாரம் வருகிறேன். டிஸ்கையும் எடுத்து வருகிறேன். கமுதிக்கு நீ என் கூட வா. தனியாகப் போனால் பாதி வழியில் இறங்கிவிடுவேன்.

மதார்


ஏர்வாடி
13.1.2008

அன்புள்ள காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் விமானம் ஏறி மூன்று வாரமாகிறது. மிஷின் இப்போது நான் சுவிட்சைப் போட்டால்தான் விழிக்கிறது. மூன்றரைக்கு உம்மா வந்து கதவோரம் நின்று பார்க்கிறார்கள், பிறகு போய்விடுகிறார்கள். நேற்றுக் கார் ரேஸில் முதலாவதாக வந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

முத்தழகு சொன்னாள், பிள்ளை இப்போது நாலு மணி பெல் அடித்த பிறகுதான் பள்ளிக்கூடத்தை விட்டு வருகிறதாம், மத்தியானச் சோறு முழுசாகச் சாப்பிடுகிறதாம். அன்று கமுதியில் நீங்கள் வீட்டுக்குள் போனபோது நான் களத்தில் மிளகாய்ப் பக்கம் நின்றுவிட்டேன். வரும் வழியில் நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். என்ன சொன்னீர்கள்?

நஃபீசா


சார்ஜா
8.2.2008

அன்புத் தங்கைக்கு, வ அலைக்கும் ஸலாம்.

முதலில் அக்காவிடம் சொன்னேன். எழுந்தார் என்றது பொய், அணைத்தது நான் என்று. கத்துவார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அக்கா, "எங்கிட்டச் சொல்லிட்டீக. அவகிட்டயும் நீங்களே சொல்லிருங்க" என்றது. டிஸ்கை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டது.

பிள்ளை கட்டிலுக்கு முன்னால் நின்றது. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"அய்யா இனிமே எந்திரிக்க மாட்டாரு தாயி. அவரு மௌத்தாயிட்டாரு. செத்துப் போயிட்டாரு" என்றேன்.

"நான் கூப்புட்டது கேக்கலையா?"

"அவருக்குக் கேட்டுச்சான்னு தெரியல. எனக்குக் கேட்டுச்சு. நான் எந்திரிச்சுப் போயி அவர எழுப்பல."

அது அழவில்லை. என் முகத்தையே பார்த்தது. "நீங்க எந்தக் கட்டிலு?" என்று கேட்டது. பக்கத்துக் கட்டில் என்றேன். "உங்க பேரு?" என்றது. மதார் என்றேன். இரண்டு தரம் அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டது. அவ்வளவுதான் பேச்சு. வீட்டுக்குள் போய் அம்மா மடியில் விழுந்த பிறகுதான் அழுதது, நீ களத்தில் கேட்டிருப்பாய்.

திரும்பி வந்து பழைய கட்டிலில்தான் படுக்கிறேன். பால்சாமி அண்ணன் இடத்துக்கு ஒரு கேரளாப் பையன் வந்திருக்கிறான். ரூமில் இப்போது கம்ப்யூட்டர் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. முதல் நாளே மத்தியானம் இரண்டு மணிக்குக் காதோரம் கேட்டது. "மதார் மாமா, எந்திரிங்க."

மற்ற ஏழு பேரும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் சாடையாகக் கேட்டுப் பார்த்தேன், யாருக்கும் கேட்கவில்லை. ஒரு நாள் தவறாமல் கூப்பிடுகிறது. கோபம் இல்லை அந்தக் குரலில். வேலையை என்னிடம் ஒப்படைத்துவிட்டது போல் கூப்பிடுகிறது. பயம் இல்லை என்று உனக்கு எழுதினால் அது இன்னொரு பொய்.

ஆனால் மூன்றாம் தரம் கூப்பிடும்வரை நான் படுத்திருப்பதில்லை. முதல் சத்தத்திலேயே எழுந்து உட்காருகிறேன். பிறகு இருட்டுத் திரை போட்ட அந்த ரூமில் வரிசையாக ஏழு கட்டிலுக்கும் நடந்து போய், ஒவ்வொருவர் காலையும் தொட்டுப் பார்க்கிறேன். இன்றுவரை எல்லாக் காலும் சூடாகத்தான் இருக்கிறது.

மதார்